அடியில் ஒரு தழும்பு

கண்ணாடி சேகரிப்பவருக்குக் கண்ணாடி வாங்கித் தரக் கூடாது
என்பது கல்யாணமான முதல் வருஷமே தெரிந்துபோயிற்று.
நான் தந்த குவளையை வெயினோ தலைகீழாகத் திருப்பி
அடியைப் பார்த்தார்.
நன்றி என்றார்.
மறுநாள் அதில் பல் துலக்கும் பிரஷ்கள் நின்றன.

ஆகவே புத்தகங்கள்.
நவம்பர்தோறும் ஒன்று.
ரோமாபுரியின் தைலக் குப்பிகள்.
வெனிஸ் மணிகள்.
போஹீமியச் சிவப்பு, இரண்டு பாகம்; தூக்கி வந்த தபால்காரர்
வாசலிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.
ஜப்பான் மீனவர் வலைகளின் கண்ணாடி மிதவைகள்.
மருந்துப் புட்டிகளின் மூடிகள், செக் மொழியில்;
எங்கள் இருவருக்கும் அதில் ஒரு சொல் தெரியாது.
படம் பார்த்தால் போதாதா என்றேன்.

அவர் சேர்ப்பதோ
ஐம்பதுகளில் ஃபின்லாந்தில் ஊதியவை மட்டும்.
அதற்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது.
பச்சை அட்டை, செங்கல் கனம்,
கையொப்பங்கள், அச்சு எண்கள்,
கடைசி அத்தியாயம் போலிகள்.
சில்வியின் கடைக்குப் போகும்போதெல்லாம்
அதன் முதுகைப் பார்ப்பேன், அடுத்த அலமாரிக்கு நகர்வேன்.

ஆகஸ்ட், தொண்ணூற்று ஒன்பது.
வெயினோ மூன்று நாள் தாம்பரேயில்.
ஒரு குளவி உள்ளே வந்தது,
துண்டை வீசினேன்.
குளவி ஜன்னல் வழியே போய்விட்டது.
புகை நிறப் பூஜாடி போகவில்லை,
தரையெங்கும் இருந்தது.

பஸ் ஏறி ஹாமீன்லின்னா சந்தைக்குப் போனேன்.
அதே உயரம், அதே கழுத்து, அதே புகை.
எண்பது மார்க்கா.
விலை கேட்டபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
அன்றிலிருந்து
ஒரு முழுப் பூசணிக்காயைப்
புத்தகங்களுக்குப் பின்னால் மறைத்துவருகிறேன்.

இந்த மாதக் கடைசியில் அவருக்குக் கண்புரை அறுவை.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான்
கண்ணாடியைப் பார்ப்பார், மூக்கு உரச.
இனி தூரத்திலிருந்தே தெரியும் என்றாள் நர்ஸ்,
நல்ல செய்தி சொல்லும் குரலில்.

அப்படியானால் என் கையாலேயே தெரியட்டும்.

பச்சைப் புத்தகத்தை இறக்கி, நின்றபடியே படித்தேன்.
அசலின் அடியில், இரும்புக் கோலிலிருந்து முறித்த இடத்தில்,
கட்டைவிரல் நகமளவு மெருகிட்ட குழி இருக்கும்.
போலியில் வெறும் தட்டை.
எங்கள் வீட்டில் இருப்பதன் அடியை
இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் தொட்டதில்லை.

வெயினோவுக்கா? என்றாள் சில்வி.
அவரிடம் இருக்கிறதே.
பதினொரு வருஷம் இருக்கும், பழைய பதிப்பு.
வீட்டுக்கு வேண்டாம், ஆபீஸ் மேசைக்கு என்று
அவரே வாங்கிப்போனார்.

வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது.
ஒரு விருந்து ஞாபகம் வந்தது:
கண்ணாடி தெரிந்தவர் ஒருவர், தூர்க்கு ஊர்க்காரர்,
மேல்தட்டில் இருந்த புகை ஜாடிக்குக் கை நீட்டினார்.
அது வேண்டாம், என்று
அந்தக் கையில் மீன் தட்டைத் திணித்தார் வெயினோ.
தன் பொருளை யாரும் தொடக் கூடாதாம், கஞ்சன்,
என்று அன்றிரவு பாத்திரம் துலக்கியபடி
நான் முணுமுணுத்தேன்.
அவர் துடைத்து அடுக்கினார், ஒன்றும் சொல்லவில்லை.

சில்வி, வேறு என்ன இருக்கிறது?

கலங்கரை விளக்க லென்சுகள் இருந்தது,
நார்வே மொழியில்.
பாதிப் பக்கங்கள் கணக்குச் சூத்திரம்.
கொடு என்றேன். அலங்காரத் தாள் வேண்டாம் என்றேன்.
ஒரு பென்சில் மட்டும் கேட்டேன்.

முதல் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.
அவர் எப்படியும் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார்.
பின்னட்டையின் உள்பக்கம், ஆகக் கீழே,
நகமளவு எழுத்தில்:
ஒரு குளவி. துண்டை வீசியது நான்.